அலர்ஜி: இல்லை

வீட்டில் அவளுக்குக் 'குழப்பி' என்று பெயர். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி ஓடி வருகிற ரகம். அப்பேர்ப்பட்டவள் செய்கிற உத்தியோகமோ ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது.

அந்த நிரலுக்குள் ஒவ்வொரு நோயாளியும் ஒரு பொருள். பெயர், வயது, அலர்ஜி எல்லாம் அதன் பண்புகள். கேட்ட பண்பு அந்தப் பொருளில் பதிவாகாமல் போயிருந்தால், நிரல் அப்படியே கையையும் காலையும் பரப்பிப் படுத்துவிடும். மேலதிகாரி அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"இல்லேன்னாலும் விழக்கூடாதும்மா. அதுக்குப் பதிலா எதையாவது காட்டித் தொலை!"

அவளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து, பண்பு இல்லாத இடத்தில் 'இல்லை' என்று காட்ட வைத்தாள். இல்லாததை இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்? அதற்கப்புறம் நிரல் ஒரு தடவைகூட விழவில்லை. வாழ்க்கையில் ஒன்றையாவது தெளிவாகச் செய்தோமே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் அவள் அண்ணனைக் காய்ச்சலென்று அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் ஊசியோடு வந்து திரையைப் பார்த்தாள். 'அலர்ஜி: இல்லை.' பரவாயில்லையே, விசாரித்திருக்கிறார்களே என்று இவள் மனம் குளிர்ந்தது. ஆனால் சின்ன வயதில் ஏதோ ஒரு ஊசிக்கு அண்ணன் முகம் பூசணிக்காயாக வீங்கியதே! அப்புறம் எப்படி இல்லை?

"அண்ணா, அலர்ஜி இல்லேன்னு நீயா சொன்னே?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

பின்னே யார்தான் சொன்னது? அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஓடியபோது சுரீரென்று உறைத்தது. சொன்னது இவளேதான்.

"ஐயையோ சிஸ்டர், போடாதீங்க!"

"இல்லைன்னுதானேம்மா போட்டிருக்கு."

"அந்த இல்லை, இல்லைங்கற இல்லை இல்ல சிஸ்டர்! விவரம் இல்லைங்கற இல்லை!"

"உயிர வாங்காதம்மா. இருக்கா, இல்லையா?"

"அதைத்தான் யாரும் கேக்கவே இல்லை!"

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள். அதில் ஏற்கெனவே போட்டு முடித்த ஒரு காலி ஊசி கிடந்தது. இரண்டு பேர் பார்வையும் பக்கத்துப் படுக்கைக்குப் போனது. அங்கே படுத்திருந்த பெரியவரின் திரையிலும் அதே வரிதான். குழப்பி அவர் பக்கம் குனிந்தாள்.

"ஐயா, ஏதாவது ஊசி ஒத்துக்காதான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?"

"கேக்கலியேம்மா" என்றார் பெரியவர், சட்டைக் காலரை விலக்கிக்கொண்டே. "ஒண்ணுமில்ல, இப்பத்தான் கழுத்து லேசா அரிக்குது."

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.