பினாங்கிலிருந்து வந்த உறை

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் மேகலாவின் ஜெராக்ஸ் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். "பழைய நோட்டு வாங்குற அக்காவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு மாட்டிப் பதினான்கு வருஷமாக மாரடிக்கிறவளுக்கு இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதற்கு யூடியூபைத்தான் நொந்துகொள்ள வேண்டும். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று எவனோ ஒருவன் கூவிவிட்டுப் போனான். ஊரில் பாதிப் பேர் அரிசிப் பானைக்கு அடியில் கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு மேகலாவின் கடைக்கு வந்து, "நீயே போட்டோ எடுத்து அனுப்பிடும்மா" என்று நின்றார்கள். அவளும் அனுப்பினாள். அந்தப் புண்ணியவான் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னான். ஏழெட்டுப் பேர் கட்டினார்கள், மேகலாவும் கட்டினாள். மறுநாளிலிருந்து அவன் போன் அணைந்தே கிடந்தது.

வேறு யாராவது என்றால் அத்தோடு தலைமுழுகியிருப்பார்கள். மேகலாவின் புத்தி வேறு மாதிரி ஓடியது. திருட்டுப்பயல் இதைச் சொல்லி ஏமாற்றுகிறான் என்றால், உண்மையிலேயே வாங்குகிறவன் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? தேடினாள். மூன்று மாதத்தில் பழைய காசு, தபால்தலை சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். டிராக்டர் நோட்டுக்கு அங்கே மதிப்பில்லை என்றும், முத்துப்பேட்டையில் வீட்டுக்கு வீடு கிடக்கிற மலாயா காசுக்கும் பினாங்கு நோட்டுக்கும் ஓரளவு கிராக்கி உண்டு என்றும் தெரிந்துகொண்டாள். கப்பலேறிச் சம்பாதித்தவர்களின் ஊர் இது. டிரங்குப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கி விற்றதில் மாதம் மூவாயிரம், நாலாயிரம் தேறியது.

அவள் இதில் இறங்கியது பொழுதுபோகாமல் இல்லை. அவள் புருஷன் ராஜராஜன் பதினோரு வருஷமாகச் சவுதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வருவான். முதல் வாரம் விருந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுவது, நடுவில் இருக்கிற நாள்தான் குடும்பம். போன தடவை வந்தபோது குனிந்து செருப்பை மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகெலும்பில் தேய்மானம் என்றார் டாக்டர், கூடவே சர்க்கரை. "இந்தத் தடவையோட போதும் மேகலா. ஒரு குட்டியானை இருந்தா இங்கயே நெல்லு, தேங்கான்னு ஏத்திப் பொழச்சிக்கலாம்" என்றான். திருத்துறைப்பூண்டியில் ஒருவர் அந்த மாதிரிப் பழைய சரக்கு வண்டி ஒன்றை ஒன்றேமுக்கால் லட்சத்துக்குத் தருவதாக இருந்தார். அந்த ஒன்றேமுக்கால்தான் எங்கே என்று தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பழைய பேப்பர் கடை ஜாஃபர் சாதிக் ஒரு கட்டு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "மேகலாக்கா, வீடு இடிக்கிறாங்க, எடைக்குப் போட்டாங்க. உங்களுக்கு ஆவுமான்னு பாருங்க." அந்தக் கட்டில் இருந்தது பினாங்கிலிருந்து வந்த ஒரு தபால் உறை. பழுப்பேறிய தாள், மூன்று தபால்தலை, அவற்றின்மேல் ஊதா மையில் வட்டமான ஒரு முத்திரை. மேகலா ஸ்கேன் செய்து குரூப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் சென்னையிலிருந்து பரணிதரன் என்பவரின் ஐந்து அழைப்பு தவறியிருந்தது.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, குரூப்பில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். அந்த ஊதா முத்திரை கப்பலிலேயே வைத்துக் குத்தியது, அந்தக் கப்பலின் முத்திரையை முப்பது வருஷமாகத் தேடுகிறேன் என்றார். விலை கேட்டார்.  மேகலா கண்ணை மூடிக்கொண்டு குட்டியானையின் விலையைச் சொன்னாள். "சரி மேடம். யாருக்கும் குடுத்துடாதீங்க. பத்திரமா வைங்க, ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து பணத்தைக் குடுத்து வாங்கிக்கிறேன்" என்றார் அவர்.

அன்று புதன். வியாழக்கிழமைக்குள், அங்கே தங்கும் அனுமதியான இக்காமாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று ராஜராஜன் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். மேகலா போன் செய்து, "வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். "நெசமாவா?" என்று அவன் நாலு தடவை கேட்டான்.  மறுநாள் போய்ச் சொல்லியும்விட்டான். அந்த இரண்டு நாள் மேகலா இருந்த இருப்பைக் கண்டவர்கள், கடைக்கு லாட்டரி ஏதும் விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டார்கள். ஜெராக்ஸுக்குச் சில்லறை இல்லை என்றவர்களிடம் "பரவாயில்ல, அப்புறம் குடுங்க" என்றாள். இப்படி அவள் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

சனிக்கிழமை மழை கொட்டியது. கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒரு மூலையில் ஒழுகியது. மேகலா உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கஜா புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது, பீரோவுக்குள் இருந்த ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம், கல்யாணப் போட்டோ எல்லாம் கூழாகிப் போயின. நகல் வாங்க அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. பிழைத்தது எவை தெரியுமா? லேமினேஷன் போட்டவை மட்டும். சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்தால் புதுசாக இருந்தன. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் பிறப்புச் சான்றிதழிலிருந்து செத்தவர் போட்டோ வரைக்கும் லேமினேஷன் போடாத காகிதமே கிடையாது. போட்டுக் கொடுத்ததெல்லாம் மேகலாதான்.

குரூப்பில் பெரிய மனிதர்கள் போடுகிற படங்களைப் பார்த்திருக்கிறாள். எல்லாமே பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். அவை திறந்து மூடுகிற வெறும் கவர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. இதுவரை விற்றது காசும் நோட்டும். தபால் உறையைத் தொட்டது இதுதான் முதல்முறை. உள்ளே இருந்த கடிதத்தை எடுத்துத் தனியாக வைத்தாள். சான்றிதழுக்குப் போடுகிறதைவிடக் கெட்டியான பிலிமாகப் பார்த்து எடுத்தாள். மெஷினில் பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்து, ஓரம் பிசகாமல் உறையை உள்ளே விட்டாள். மறுபக்கம் வெதுவெதுவென்று வந்தது. ஒரு குமிழி இல்லை. பதினான்கு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு லேமினேஷன் விழுந்ததில்லை என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பரணிதரன் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். மழையில் நனைந்த தலையைத் துவட்டக்கூடச் செய்யாமல், பைக்குள்ளிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். மேகலா உறையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கினார், விரலால் ஒருமுறை தடவினார். பூதக்கண்ணாடியை மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

"யாரு மேடம் இதைப் போட்டது?"

"நான்தான் சார். மழை பெய்யுதுல்ல, நீங்க பத்திரமா வைக்கச் சொன்னீங்களே."

அவர் உறையை மேசைமேல் வைத்தார். பிறகு ஒரு டாக்டர் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார். சூட்டில் பசை உருகித் தாளுக்குள் இறங்கிவிட்டது, பிரித்தால் தாளோடு பிய்ந்து வரும், தபால்தலையும் போய்விடும், முத்திரையும் போய்விடும். இப்படியே வைத்தால் சேகரிப்பவர் யாரும் தொட மாட்டார்கள்.

"பாதி வெலை குடுங்க சார்."

"மேடம்..."

"கால்வாசி?"

அவர் தலையை ஆட்டினார். அவர் திட்டியிருந்தால் மேகலா பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள், மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும். அந்த மனுஷன் கண் கலங்கி நின்றார். முப்பது வருஷம் தேடிய பொருள் கைக்கு எட்டும் தூரத்தில், பிளாஸ்டிக்குக்குள், ஒரு மாசு மருவில்லாமல் இருந்தது. வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

சாயங்காலம் ராஜராஜன் கூப்பிட்டான். குட்டியானைக்கு என்ன பெயர் எழுதலாம் என்று கேட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கினான். மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் டிரெய்லர்கள் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, எதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க."

"என்னத்தத் திட்டுறது?" என்றான் அவன். "நான் பக்கத்துல இருந்திருந்தாலும் லேமினேஷன் போடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டபோதுதான் மேகலாவுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

திங்கட்கிழமை அவன் கம்பெனியில் போய் நின்றான். அவன் வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கெஞ்சினான். கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை இருக்கிறது, சம்பளம் குறைவு, இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது, சம்மதமா என்றார்கள். முதுகைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்றான். புது வேலை என்பதால் புதுசாகக் காகிதம் வேண்டுமாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து மத்தியானத்துக்குள் அனுப்பச் சொல்லி மேகலாவுக்குச் செய்தி போட்டான். நகல் மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் கம்பெனியில் திருப்பிவிடுவார்கள், பார்த்து அனுப்பு என்றும் எழுதியிருந்தான்.

மேகலா மார்க் ஷீட்டை ஸ்கேனரில் வைத்து மூடினாள். திரையில் படம் கோணலாக விழுந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே அனுப்பினால் அந்த மூட்டை வேலை தட்டிப்போகுமே என்று விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அழித்துவிட்டு, மூடியைத் திறந்து, காகிதத்தை ஓரத்தோடு ஓரமாகப் பொருத்தி, இன்னொரு முறை எடுத்து அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. "தெளிவா இருக்கு மேகலா. இது போதும்."