புட்டுப் பேணியின் துளை

என் மனைவியின் வலக்கை மணிக்கட்டிலிருந்து மாவுக்கட்டை வைத்தியர் அகற்றிய மறுநாள், அவர் விரும்பியது ஒன்றே ஒன்று: தம் கையால் கொத்திய புட்டு. கொழும்பின் காலி வீதியில் பேருந்துப் படி தவறி அவர் விழுந்த நாள் முதல், எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடி இல்லத்தின் சமையலறை பள்ளி ஆசிரியனான என் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சி குறித்து அவர் கொண்டிருந்த கருத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

புட்டுக்கு மாவைக் குழைப்பதை நான் செய்துவிடலாம். குழைத்ததைச் சிறு மணிகளாகக் கொத்துவதில்தான் கைத்திறன் வேண்டும். எங்கள் யாழ்ப்பாண வழக்கில் பாத்திரமொன்றைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்துவோம். மனைவி பயன்படுத்தியது, மா உள்ளே ஒட்டாதபடி வாய் நன்கு விரிந்த தடித்த பித்தளைக் குவளை. அன்று அதைத் தூக்கியதும் முகம் சுளித்துக் கீழே வைத்துவிட்டார்.

“இனி எனக்கு இது ஏலாது போல,” என்றார். அக்குரலில் வழக்கமான கேலி இல்லை. அதுவே என்னை எழுப்பிவிட்டது.

பாரமற்ற தகரப் பேணி ஒன்று வேண்டும். எதிர்வீட்டு முஸ்லிம் அம்மையார் அன்று புடிங் செய்துகொண்டிருந்தார். நான் கேட்டதும் கெட்டிப்பால் அடைத்து வந்த வெறுமையான ரின்பால் பேணியை நீட்டினார்.

“டின் மட்டும் போதுமா மாஸ்டர்? புடிங்கும் கொஞ்சம் தாரேன். அக்காட கை இப்ப எப்பிடி?”

“அதை இந்தப் பேணிதான் சொல்லவேணும், அம்மா.”

பேணியை வெந்நீரில் ஊறவைத்துத் தாளை உரித்தேன். பசையைச் சாம்பலிட்டுத் தேய்த்தேன். வாயின் கூர்முனைகளை அரத்தால் ராவி, விரலால் பலமுறை தடவிப் பார்த்தேன். வெள்ளிக் கிண்ணம் போல் அது பளபளத்தபோது நான் அடைந்த பெருமிதம் சற்று அளவுகடந்ததே.

மனைவி வாங்கிப் பார்த்தார். “பாரமே இல்லை,” என்று கண்கள் விரிய, குழைத்த மாவில் கொத்தத் தொடங்கினார். முதற் கொத்திலேயே பேணி மாவைக் கவ்விக்கொண்டது. உதறினார், விழவில்லை. இன்னொருமுறை உதறியபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேணியைத் திருப்பி அடியைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, ஓட்டை எங்க?”

“எந்த ஓட்டை?”

“புட்டுப் பேணிக்கு அடியில ஓட்டை இருக்குமல்லோ. உங்கட அம்மாட பேணியில இருக்கேல்லையோ?”

“இருந்தது. அது ஆணியிலை கொழுவி வைக்கிறதுக்கு. இஞ்ச குசினிச் சுவர் முழுக்க ஓடு பதிச்சிருக்கு, ஆணி அடிக்க ஏலாது. அதாலை ஓட்டை தேவையில்லையெண்டு விட்டிட்டன்.”

அவர் அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“காத்துப் போக வழியில்லாட்டி மா எப்பிடியப்பா விழும்? கொழுவத்தான் ஓட்டையெண்டு நினைச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் புட்டுச் சாப்பிட்டனீங்கள்?”

நேரே கூடத்துக்குச் சென்றேன். நாட்காட்டியை இறக்கிவைத்து, அது தொங்கிய ஆணியைப் பிடுங்கினேன். இஞ்சி இடிக்கும் சிற்றுலக்கையே சுத்தியலாயிற்று. இரண்டு அடியில் துளை விழுந்தது.

இம்முறை பேணி மாவில் இறங்கி, தயங்காமல் எழுந்தது. மா தானாக உதிர்ந்தது. முதலில் மெல்ல, பின் சீராக, டக்டக்கென்ற அவ்வொலி சமையலறையை நிறைத்தது. இடையில் அவர் கையை நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டினார். நான் பேணியை வாங்கக் கை நீட்டினேன்.

“மிச்சத்தை நான் கொத்துறன், தாரும்.”

“கையை எடுங்கோ! நாளையில இருந்து நீங்கள் குசினிப் பக்கமே வரத் தேவையில்லை.”

பதவி பறிபோனவன் அத்தனை மகிழ்ச்சியோடு வெளியேறியதை அந்த அடுக்குமாடி கண்டிராது. ஆவி பறக்கும் புட்டைத் தட்டில் ஏந்தி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மையார் கதவைத் திறக்கும்போதும், என் பின்னால் அடுத்த ஈட்டுக்கான மா கொத்தப்படும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.