அறுவடை மெஷின்காரி

கல்லூரி வேலையை விடப்போகிறேன் என்று துறைத் தலைவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இல்லை. அம்மாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

அம்மா மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கூலியாக இருந்தவள். நான் பிறப்பதற்கு முன்னால், கூலியை உயர்த்தச் சொல்லி ஊரே வேலையை நிறுத்தியிருந்த சமயத்தில், பண்ணையார் உழவுக்கு டிராக்டரை இறக்கினார். அதன் முன்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்ட பெண்களில் அம்மாவும் ஒருத்தி. அப்புறம் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. எங்கள் குடிசை இருந்த மனைக்குப் பட்டா வந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் ஒரு துண்டு எங்களுக்கும் கிடைத்தது. நான் அரசு விடுதியில் தங்கிப் படித்து, கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினேன்.

என் ஆராய்ச்சி குலக் கோட்பாட்டில். அதைக் கேட்டதும் அம்மா, "குலமா? அத ஒழிக்கத்தானடி நாங்க கொடி புடிச்சோம்!" என்றாள். இது வேறு குலம், ஒரு பொருளை எப்படியெல்லாம் திருப்பினால் அது பழையபடியே தெரியும் என்று பார்ப்பது என்று சொல்லி, சாப்பாட்டுத் தட்டைச் சுழற்றிக் காட்டினேன். "தட்டு தட்டாத்தான இருக்கும்" என்று அதில் சோற்றைப் போட்டாள்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பதினோரு வருடம் பாடம் நடத்தினேன். ஒரே ஒரு தேற்றத்தை நிரூபிக்க நான்கு வருடம் ஆனது. அதை உலகத்தில் இருபது பேர் படித்திருந்தால் அதிகம். அந்த இருபது பேர் எனக்குப் போதுமானவர்களாகவே இருந்தார்கள். கணிதம் சலித்துப்போய் நான் வெளியே வரவில்லை.

ஒரு நாள் பழைய மாணவி ஒருத்தி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றைக் கணவனோடு சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தாள்.

"தை மாசம் வந்தா எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல கதிர் முத்திடுது மேடம். எங்க வண்டி ஒண்ணு பாபநாசத்துலேருந்து மன்னார்குடிக்குப் போகும். இன்னொண்ணு மன்னார்குடியிலேருந்து பாபநாசத்துக்கு வரும். ரெண்டு டிரைவரும் நடு ரோட்டுல கை காட்டிக்கிறாங்க."

நான் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு ஒரு காகிதத்தில் ஊர்களைப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் வேறெதுவும் ஓடவில்லை. பேருந்தில் போகும்போது கூட வயல்களின் நிறத்தைப் பார்த்து, இது எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாத முடிவில் என் கணக்கை அவளிடம் காட்டியபோது அவளே கேட்டாள்: "நீங்களே வந்துடுங்களேன் மேடம்?"

ஊருக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கல்லூரியை விட்டு ஒரு கம்பெனியில் சேரப்போவதைச் சொன்னேன்.

"அந்தக் கம்பெனி என்ன பண்ணுது?"

"அறுவடை மெஷின வாடகைக்கு விடுதும்மா. எந்த வண்டி எந்த ஊருக்கு என்னைக்குப் போகணும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லணும்."

அம்மாவின் கை நின்றுவிட்டது. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"குனிஞ்சு அறுத்தவளுக்குத்தான் தெரியும் அந்த இடுப்பு நோவு. மெஷின் வந்தா வரட்டும்" என்றாள். பிறகு, "அன்னைக்கு எங்களுக்கு டிராக்டர் மேல என்ன கோவம்? எங்கள வேணாம்னு சொன்னாரே, அந்த ஆளு மேலதான். சரி, மூலை அறுக்க ஆள் விடுவாங்களா?"

மெஷினால் வயலின் மூலைகளில் திரும்ப முடியாது. அங்கே முன்னதாகவே கையால் அறுத்து வைக்க வேண்டும். அதை யார் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டுப் போய் வேலைக்குச் சேரு" என்றாள் அம்மா.

கேட்காமலேதான் சேர்ந்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். என் கணக்கு அத்தனை அழகாக இருந்தது. முதல் தை மாதத்தில் அதன்படி வண்டிகளை அனுப்பினேன். மூன்றாம் நாள் பாபநாசம் பக்கத்திலிருந்து டிரைவர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க கணக்குப்படி நான் இந்நேரம் வாய்க்காலத் தாண்டியிருக்கணும்."

"தாண்டலையா?"

"இங்க இருக்கறது மூங்கில் பாலம் மேடம். ஆடு போகும்."

அன்றைக்கே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பருவம் முழுக்கப் பாலங்களின் அகலத்தை அளந்தேன். எந்த வயலில் தண்ணீர் வடியத் தாமதமாகும், எங்கே டயர் வண்டி புதையும், எங்கே டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான் போகும் என்று எழுதி வைத்தேன். அப்படிப் போன ஓர் ஊரில் வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் என்னை மறித்துக்கொண்டார்கள்.

"நீங்கதான் அந்த மெஷின்காரியா?"

"ஆமாங்க."

"வண்டி என்னைக்கு வருதுன்னு வயக்காரருக்கு மட்டும் சொல்றீங்க. எங்களுக்கு யாரு சொல்றது? நாங்க பக்கத்து ஊருக்கு வேற வேலைக்குப் போனதும் இங்க வண்டி வந்து நிக்குது. மூலை அறுக்க ஆள் இல்லன்னு வயக்காரரு கத்துறாரு. எங்க வேலையும் போவுது."

அம்மா கேட்டதும் இதைத்தான். அந்தப் பெண்களில் போன் வைத்திருந்த ஒருவரின் எண்ணை வாங்கிக்கொண்டேன். மறுநாளிலிருந்து வண்டி போகும் பட்டியல், வயல்காரருக்குப் போகும் அதே நேரத்தில் அவருக்கும் போனது. அடுத்த பருவத்தில் நாங்கள் போகும் ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு பெண் இருந்தார். வண்டி வருவதற்குள் மூலைகள் அறுபட்டிருந்ததால் டிரைவர்கள் காத்திருக்கவில்லை. என் அழகான கணக்கால் முடியாத காரியம் அது.

குலங்களை நான் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அவற்றோடுதான் இருக்கிறேன். இப்போது யாருக்காகவும் கட்டுரை எழுத வேண்டியதில்லை என்பதால், அந்த நேரம் முன்பைவிட இனிக்கிறது.

போன மாசியில் ஒரு மதியம், அறுத்த வயலின் ஓரம் வண்டி நிழலில் உட்கார்ந்து அந்தப் பெண்களோடு புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அடுத்த ஊரில் மழை பெய்து பயிர் சாய்ந்துவிட்டது, செயின் வண்டி வேண்டும் என்றார் டிரைவர். "ஒரு நிமிஷம் இருங்க" என்று கையைக் கழுவிக்கொண்டு, நோட்டை மடியில் விரித்தேன்.