என் மாமி வள்ளத்தில் செய்த பொருத்தனை

நான் பிழைக்க மாட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1943-ஆம் வருடம், மார்கழி மாதம். கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியதாழையில் என் புகுந்த வீட்டில் பிரசவ வலியோடு கிடந்தேன். வலி எடுத்து இரண்டாம் நாளும் விடிந்துவிட்டது. பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் என் மாமியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"இனி என் கையில ஒண்ணுமில்ல. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஒருவேளை தாயாவது பிழைப்பா."

அப்போது எனக்கு வயது பதினைந்து.

என் பெயர் சவேரியாயி. மாதாவை நம்பி வாழும் உங்கள் எல்லாருக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, என் வீட்டில் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடியில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் தோணிகளில் சரக்கு ஏற்றுகிற வேலை. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே கலங்கியது. சனங்கள் மூட்டை முடிச்சோடு ஆத்தூர்ப் பக்கமும் ஓட்டப்பிடாரம் பக்கமும் கிளம்பிப் போனார்கள். அப்பா வேலையை விட்டுப் போக முடியாது. "வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?" என்று புலம்பினார். தெரிந்தவர்கள் மூலம் பெரியதாழையில் ஒரு நல்ல குடும்பம் கிடைத்தது. அவசர அவசரமாகக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை தொம்மைக்கே அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் கட்டிக்கொடுத்தார். எனக்கும் புதுச் சேலையும் பூவும் சந்தோஷமாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

புகுந்த வீட்டில் என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. மாமனார் சந்தியாகு சொந்த வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். மாமி மிக்கேலம்மாள் அதிகம் பேசமாட்டார். நாத்தனார் பிலோமி என்னைவிட இரண்டு வயது சின்னவள், எனக்குத் தோழி மாதிரி. அவளையும் மாமனாருடைய அக்காள் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

இந்த நிலைமையில்தான் நான் பிரசவ வலியோடு கிடந்தேன். தேரி மணலில் மாட்டுவண்டி நகராது. பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸும் ஒழுங்காக ஓடாத காலம். கடல்தான் வழி. ஆனால் மாமனாரின் வள்ளத்து ஆட்கள் என்னை ஏற்றத் தயங்கினார்கள்.

"பொம்பளை வள்ளத்துல கால் வைக்கப்படாது. அதுவும் இந்த நெலமையில" என்று ஒருவர் சொன்னார்.

மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "அப்ப நீங்க யாரும் வர வேண்டாம். நானும் எம் மவனும் தள்ளிக்கிட்டுப் போறோம். ஏலே தொம்மை, பிடிலே!"

ஆட்கள் ஒவ்வொருவராக வள்ளத்தருகே வந்தார்கள். பாயைச் சுருட்டி மெத்தை போல் போட்டு என்னைக் கிடத்தினார்கள். மருத்துவச்சியும் கூட வந்தார்.

மார்கழியில் வாடைக் காற்று வடக்கிலிருந்து வீசும். நாங்கள் போக வேண்டியதும் வடக்கே. காற்று முகத்தில் அடித்தது. பாய்மரப் பாய் விரிக்க வழியில்லை, துடுப்புத்தான் போட்டார்கள். மணப்பாட்டு முனை அருகே அலை எழும்பி உள்ளே விழுந்தது. ஆட்கள் களைத்துவிட்டார்கள். என் கணவர் துடுப்பு போட்டுக்கொண்டே அழுதார். எனக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் மாமி செய்த செபத்தை முழுதாகக் கேட்டேன். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"தாயே, இந்த மருமவப் பிள்ளைய எனக்குத் திருப்பித் தா. இனிமே என் வீட்டுல எந்தப் பொண்ணையும் பதினெட்டு வயசு முடியாம கட்டிக்கொடுக்க மாட்டேன். இது சத்தியம்."

சுக்கானைப் பிடித்திருந்த மாமனார் திரும்பிப் பார்த்தார். "என்னளா சொல்லுத? பிலோமிக்குப் பேசி முடிச்சாச்சே! அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மாதாகிட்ட சொல்லியாச்சு. அதுக்கு மேல யாருகிட்ட பதில் சொல்லணும்?"

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையை எடுத்துவிட்டு, "ஆமென்" என்றார்.

அதன்பின் நடந்ததை, வள்ளத்தில் வந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். வாடை தளர்ந்தது. கொஞ்ச நேரம் காற்றே இல்லை. பிறகு தெற்கேயிருந்து வீசத் தொடங்கியது. மார்கழியில் அப்படி ஒரு காற்றைத் தாம் கண்டதில்லை என்பார் மாமனார். பாய் விரித்தார்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தூத்துக்குடிக் கரையில் இறங்கிவிட்டோம்.

லேடி டாக்டர் என் வயதைக் கேட்டுவிட்டு என் கணவரை முறைத்தார். "இவளே இன்னும் வளர்ந்து முடியல. இடுப்பு எலும்பு எப்படிப் பிள்ளைக்கு வழி விடும்?" என்றார். ஆபரேஷன் செய்தார்கள். நான் பிழைத்தேன்.

பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

சாட்சி சொல்ல வந்தவள் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு நன்றி வரவில்லை. 'இரண்டு உயிரோடு உன்னை நம்பி வந்தோமே, ஒன்றை ஏன் எடுத்துக்கொண்டாய்?' என்று மாதாவோடு சண்டை போட்டேன். ஊர் திரும்பிய பின் கோயிலுக்குப் போகவில்லை. மாலையில் வீட்டில் செபமாலை சொல்லும்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். மாமி என்னை வற்புறுத்தவே இல்லை. என் பங்குக்கும் சேர்த்து அவரே சொன்னார்.

தை பிறந்தது. மாமனாரின் அக்காள் அந்தோணியம்மாள் வந்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். "பேசின கல்யாணத்த நிறுத்துத அளவுக்கு உனக்கு என்ன வந்துச்சு? நம்மல்லாம் பதிமூணுல கட்டலையா? பெத்து வளக்கலையா?"

மாமி தணிந்த குரலில் கேட்டார். "பெத்தோம் மதினி. எத்தனையப் புதைச்சோம்? அதையும் சொல்லுங்க."

அந்தோணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் தலைச்சன் பிள்ளையையும் அடுத்ததையும் பறிகொடுத்தவர் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். என் மாமியும் அப்படித்தான். அதுவரை எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் கோபம் ஆறாமல்தான் அவர் எழுந்து போனார். மகனுக்கு வேறு பெண் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலை வெகு காலம் மிதிக்கவில்லை.

பிலோமிக்குக் கல்யாணம் என்று குறித்திருந்த நாளும் வந்தது. காலையில் வாசல் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பிலோமி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் கட்டம் கிழித்துப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் தாவினாள், கோட்டை மிதித்தாள், மிதிக்கவில்லை என்று சண்டைக்கு நின்றாள். அவள் உடம்பு எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அப்படித்தானே இருந்திருப்பேன்!

சமையல் குசினிக்குள் போய் முழங்காலில் விழுந்து அழுதேன். என் பிள்ளை போன பிறகு முதல் தடவையாக, "தாயே, நன்றி" என்றேன். என்னைத் திருப்பித் தந்ததற்கும், பிலோமியைக் காத்ததற்கும். துக்கம் போய்விடவில்லை. ஆனால் அன்று மாலை செபமாலைக்கு நானும் உட்கார்ந்தேன்.

டாக்டர் சொன்னபடி, உடம்பு தேறும்வரை என் கணவர் பொறுத்திருந்தார். கூட்டாளிகள் கேலி செய்தார்கள். "எனக்கு அவ வேணும்லே" என்று மட்டும் சொல்வாராம். போன வருடம் அதே ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

பிலோமி மடத்துச் சகோதரிகளிடம் எழுதப் படிக்கவும் தையலும் கற்றாள். "முத்திப்போச்சு, இனி யாரு கட்டுவா?" என்று ஊர் பேசியது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இந்த வருடம், 1949-இல், பத்தொன்பது வயதில், அவளுக்குப் புன்னைக்காயலிலிருந்து தோணிக்காரர் ஒருவர் மாப்பிள்ளையாக வந்தார். அவளிடம் சம்மதம் கேட்டுத்தான் முடித்தோம். கல்யாணத்துக்கு அந்தோணியம்மாள் வந்திருந்தார். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேத்தியையும் நீ சொன்ன வயசுலதான் கட்டிக்கொடுப்பேன்" என்றார்.

பெண்ணைப் பெற்றவர்களே, பயத்தினால் அவசரப்படாதீர்கள். சண்டை வரும், பஞ்சம் வரும், நல்ல இடம் கைநழுவிப் போகும் என்று தோன்றும். அந்தப் பயத்தை மாதாவின் காலடியில் வையுங்கள். மகளை வளர விடுங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் பெரியதாழைக்கு வாருங்கள். கடற்கரைத் தெருவில் மிக்கேலம்மாள் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என் மகள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்களைக் கண்டால் சிரிப்பாள்.