சைபீரியாக்காரிக்கு ஓர் அட்வான்ஸ் வாழ்த்து

வெளியே கொளுத்துகிறது வெயில். பஸ் ஸ்டாப்பில் இரண்டு நிமிடம் நின்றால் மண்டை காய்ந்துவிடும். இந்த துபாயில் ஃபர் கோட் விற்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

விற்கிறார்கள்! தேரா பகுதியில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. வாங்க வருகிறவர்களில் ரஷ்யர்கள் அதிகம். அதிலும் சைபீரியாக்காரர்கள், கண்ணாடியில் அழகு பார்ப்பதற்கு முன்னால் உள் தையலைத்தான் இழுத்துப் பார்ப்பார்களாம். பின்னே? மைனஸ் நாற்பதில் பால் வாங்கப் போகிறவர்களுக்குக் கோட் என்பது ஃபேஷனா என்ன... உயிராயிற்றே!

இதெல்லாம் தர்ஷினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பெண். பர் துபாயில் என் பக்கத்து ஃபிளாட். அப்படியொரு கடையில் சேல்ஸ் வேலை. இந்த மாதத்தோடு புரொபேஷன் முடிகிறது. மேனேஜருக்குப் பிடிக்காவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

போன வாரம் அழுதுகொண்டே வந்தாள்.

சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்ற ஊரிலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறார். கடையிலேயே நல்ல கோட்டைப் போட்டுப் பார்த்து, ‘வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். எனக்கு நானே கொடுக்கும் பரிசு’ என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். நம் பெண் சும்மா இருப்பாளா? கையைப் பிடித்துக் குலுக்கி, “அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே மேடம்!”

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டதாம். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

காயல்பட்டினத்து மேனேஜர் குதித்திருக்கிறார். “ஏம்மா, வர்றவங்கள வெரட்டவா ஒன்ன வச்சிருக்கேன்? கலாஸ், முடிஞ்சிச்சு! இந்த மாசத்தோட நிப்பாட்டிக்க.”

“நான் என்ன பிழை விட்டனான் அக்கா? வாழ்த்தினது ஒரு குற்றமே?”

எனக்கும் புரியவில்லை. எங்கள் கட்டடத்தின் கீழே பியூட்டி பார்லரில் ஓர் உஸ்பெக் பெண் இருக்கிறாள். ரஷ்ய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளிடம் கேட்டோம். தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறந்தநாளை முன்கூட்டி வாழ்த்தினால் அந்த நாளைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டார்கள் என்பது அங்கே நம்பிக்கையாம்!

சிரிக்காதீர்கள். கிளம்பும்போது யாராவது ‘எங்கே?’ என்று கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற கூட்டம்தானே நாம்? ஒரு தேசத்தைத் தெரிந்துகொள்ள அதன் மேப்பைப் பார்ப்பதைவிட, அந்த மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார்க்கலாம்.

“விடும்மா, வேற வேலை தேடலாம்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேலை போனாப் போகட்டும் அக்கா. ஆனா ஒரு மனுசிக்குச் சாவைச் சொன்னவளா நான் பிளேன் ஏறமாட்டன்.”

அப்புறம் அவளை யார் தடுக்க முடியும்? உஸ்பெக் பெண்ணிடம் ரஷ்ய வாழ்த்தை மனப்பாடம் செய்தாள். வெள்ளிக்கிழமை மதியம் லஞ்ச் பிரேக்கில் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அம்மாள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனாள். கோட்டைப் போட்டுப் பார்த்தபோதே டெலிவரிக்காக அவர் சொல்லியிருந்த ஹோட்டல்தான்.

லாபிக்கு வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பில்லை, ஹலோ இல்லை. தர்ஷினி தட்டுத் தடுமாறி ரஷ்ய மொழியில் வாழ்த்தினாள். “இன்றைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் கட்டிய கையை அவிழ்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருடம் அவர் கணவரின் பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரியே நண்பர்கள் வாழ்த்திக் குடித்திருக்கிறார்கள். மனிதர் காலையில் எழுந்திருக்கவில்லை.

தர்ஷினி அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். நான் மட்டும் என்ன கல்லா?

அன்று மாலை அவர் கடைக்கு வந்தார். அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. ஒரு ஃபர் தொப்பி மட்டும் வாங்கினார். ‘அடுத்த மாதம் என் தங்கைகள் வருவார்கள், இந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள்’ என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் முனகினார். “சரி சரி, வேலையில இருந்துக்க. ஆனா ஒத்தத் தொப்பிக்கா இம்புட்டுக் கூத்து?”

தர்ஷினி அசரவில்லை.

“அந்த ஊரில எல்லாருக்கும் தலை இருக்கு, சேர்!”