கடலுக்குப் போனவனின் கோதுமை வயல்

கணினி விளையாட்டு என்பது கண்டெய்னர் மாதிரி என்று நான் நம்பியிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் தலை நரைக்கிற வரைக்கும் குப்பை கொட்டியவன் வேறு எப்படி நம்புவான்? ஒரு கப்பலில் இருந்து பெட்டியை இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுகிறோம். கொடி மாறும், கேப்டன் மாறுவார், பெட்டிக்குள் இருக்கிற சரக்குக்கு ஒன்றும் தெரியாது. அதே மாதிரி விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டால் விளையாட்டு பாட்டுக்கு இருக்கும், கப்பல் மாறியதே அதற்குத் தெரியாது என்று, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற வயதில் ஒருத்தன் மனப்பூர்வமாக நம்பினான்.

இதில் கணினி என்னுடையது இல்லை என்பதுதான் விஷயம். அது என் மச்சினனுடையது. என் மனைவியின் தம்பி. கப்பலின் மேல்தளத்தில் டெக் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பான், லீவில் வந்தால் முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டில்தான் இருப்பான். வந்து பையைப் பிரிக்கும் முன்பே முன்னறையில் அந்தக் கணினிக்கு எதிரே உட்கார்ந்து டிராக்டர் ஓட்ட ஆரம்பித்துவிடுவான்.

விவசாய விளையாட்டு அது. உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம், மாடு வளர்க்கலாம். என் மனைவி வீட்டார் ஆலந்தலைக் கடற்கரைக்காரர்கள். அந்த வம்சத்தில் ஒருவருக்கும் ஒரு முழம் வயல் இருந்ததாகத் தகவல் இல்லை. எங்கள் தெருவிலோ தோண்டினால் உப்புத் தண்ணீர். கறிவேப்பிலைக் கன்றுகூட நட்ட வாரமே கோபித்துக்கொண்டு காய்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இவன் லீவுக்கு லீவு துண்டு துண்டாக நிலம் சேர்த்து ஒரு கோதுமை வயலை உண்டாக்கி வைத்திருந்தான். ஒரு பக்கம் ஆறு, ஆற்றங்கரையில் மாட்டுத் தொழுவம், தொழுவத்துக்குப் பின்னால் சோளம். "கண்ணுக்கெட்டுன தூரத்துக்குத் தண்ணியே தெரியக்கூடாது அத்தான்" என்று ஒரு முறை சொன்னான். ஆற்றைக் காட்டினேன். "அது நல்ல தண்ணி, அத விட்ருங்க" என்றான்.

அவன் கடலில் இருக்கும்போது ஆபீஸ் வேலைக்கு அந்தக் கணினியை நான் பயன்படுத்துவேன். ஒரு நாள், இந்த இயந்திரத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதிதாக வாங்கு என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. மூடினால் மறுநாளும் வந்தது. ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொன்னேன்.

"லினக்ஸப் போடுலே. வைரஸ் அண்டாது, இலவசம்" என்றான்.

"அதுல கேம் ஓடுமாலே?"

"எல்லாம் ஓடும்."

அவன் ஆயுளில் ஒரு கேமும் ஆடியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பென் டிரைவில் லினக்ஸைப் போட்டும் கொடுத்தான்.

நான் முறையாகத்தான் செய்தேன். விளையாட்டு இருந்த ஃபோல்டரை அப்படியே தூக்கி வெளியே செருகுகிற ஒரு ஹார்ட் டிஸ்க் வட்டில் இறக்கினேன். என் ஆபீஸ் காகிதங்கள் கிடந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் பக்கத்தில் இறக்கினேன். பிறகு, கணினியின் வட்டை முழுவதும் அழித்து நிறுவவா என்று லினக்ஸ் கேட்டதற்கு ஆமாம் என்றேன். 'அழித்து' என்ற சொல் கண்ணில் படாமல் இல்லை. குடிவருவதற்கு முன் வீட்டைக் கழுவிவிடுவார்களே, அது மாதிரி ஏதோ மங்கல காரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

லினக்ஸ் வந்தது. நன்றாகவே இருந்தது. விளையாட்டு ஃபோல்டரைத் திரும்ப ஏற்றி, அதன் படத்தை இரண்டு தட்டு தட்டினேன். அது ஓடவில்லை. அதற்குப் பதிலாக, வயிற்றைக் கிழித்துக் காட்டுவது போலத் தன் உள்ளுறுப்புகளை எல்லாம் பட்டியலாகத் திறந்து காட்டியது. பெட்டியை ஏற்றச் சொன்னால் முத்திரையை உடைத்துச் சரக்கைக் கரையில் பரப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பலில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி போகக்கூடாது. நடுக்கடலில் நிற்கிறவன் கேட்டு என்ன செய்வான், கயிறு பிடிக்கிற கை தவறும், அவ்வளவுதான். கடலுக்கு ஆள் அனுப்புகிற குடும்பம் என்பதால் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நான் மாப்பிள்ளையாகப் போன புதிதில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் விஷயம் இது. எங்கள் நாய் செத்த பிறகும் போனில் பல மாதம் சௌக்கியமாக இருந்தது. "சாப்பிடுதா?" என்று அவன் கேட்பான். "நல்லா சாப்பிடுது" என்று என் மனைவி முகம் கோணாமல் சொல்லுவாள்.

எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, சிக்னல் கிடைத்து, போன் வந்தபோது என் வாய் தானாகச் சட்டத்தைக் கடைப்பிடித்தது.

"அத்தான், தோட்டம் எப்படி இருக்கு? தெறந்து பாத்தியளா?"

"ஜோரா இருக்கு மாப்ள. மழை நல்லாப் பெய்யுது."

மழையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. பொய் சொல்லும்போது கைநிறைய அள்ளிப் போடுவது என் வழக்கம். "மழையா?" என்றான். சரியாகக் காதில் விழவில்லை போல என்று, "ஆமா மாப்ள, நல்ல மழை" என்றேன்.

"சரி அத்தான்" என்றான். "நான் நெனச்சதுக்கு முன்னாலயே எறங்குதேன். எனக்குப் பதிலா ரிலீவர் வந்துட்டான்."

நான் சுவரில் தொங்கிய காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்தேன்.

"வீடியோவுல வா மாப்ள" என்று சொல்லுவது வழக்கம். அன்றைக்குச் சொல்லவில்லை; வந்தால் கணினியைக் காட்டு என்பானே. அவனே, "வீடியோ வேண்டாம் அத்தான், நெட்டு இழுக்குது" என்றான். "ஆமா மாப்ள, இங்கனயும் இழுக்குது" என்று முந்திக்கொண்டேன். தப்பித்தேன் என்று பெருமூச்சுகூட விட்டேன். கடைசி சில வாரமாக அவன் செய்தியை எழுதி அனுப்பாமல் குரலில் பேசியே அனுப்புகிறான் என்பதும் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் தேட வேண்டாம் பாருங்கள்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை காலையில் ஆபீசுக்கு முன், மாலையில் ஆபீசுக்குப் பின் என்று இரண்டு ஷிஃப்டாகப் பிரிந்தது. பகல் முழுவதும் துறைமுக வாசலில் லாரி வரிசையோடு மல்லுக்கட்டிவிட்டு, சட்டைக் காலரில் நிலக்கரித் தூளோடு வந்து கணினி முன் உட்காருவேன். பக்கத்து நாற்காலிக்காரன்தான் மறுபடி வழி சொன்னான். ஒயின் என்று ஒரு நிரல் இருக்கிறதாம். அதைப் போட்டால் விண்டோஸ் விளையாட்டு லினக்ஸில் ஓடுமாம். இதை நான் வீட்டில் சத்தமாகச் சொல்ல, என் மனைவி மீனைக் கழுவிக்கொண்டே, "இப்பவே இந்த லட்சணம், இனி அது வேறயா?" என்றாள்.

முதல் நாள் திரை கறுப்பாக வந்தது. கறுப்பு என்றால் சுத்தக் கறுப்பு. மறுநாள் அதே கறுப்பு, ஆனால் உள்ளே இருந்து மாடு கத்தியது. மாடு கத்துகிறது, பறவை கூவுகிறது, எங்கோ ஒரு வண்டி ஓடுகிறது, பார்க்க ஒன்றுமில்லை. கண் போன விவசாயி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"யார் வீட்டு மாடு இப்படிக் கத்துது?" என்று மனைவி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உன் தம்பி வீட்டு மாடுதான்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவன் அங்கன கெடந்து சாவுததே இத நெனச்சுத்தான். போன தடவ பிளேன் ஏறும்போதுகூட, மாட்டப் பாத்துக்கிடுங்கன்னு உங்ககிட்டதான சொன்னான், என்கிட்ட சொல்லலியே. எப்படியாவது ஓட வச்சிருங்க" என்றாள்.

படம் வந்தது, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக. எழுத்து வந்தது, வானம் ரோஸ் நிறத்தில். ஏதேதோ தளங்களில் எவரெவரோ எழுதி வைத்ததை எல்லாம் ஒன்றும் புரியாமல் பார்த்துத் தட்டினேன். கடைசியில் வானம் நீலமானது. விளையாட்டு முழுசாகத் திறந்தது. திறந்ததும் கேட்டது: புதிய பண்ணை தொடங்கவா?

பழைய பண்ணை என்று ஒன்று அங்கே இல்லை. வயல் இல்லை, தொழுவம் இல்லை. ஒரு பொட்டல், அதில் ஒரு துருப்பிடித்த டிராக்டர். என் தலைமுறையில் பலர் நிலத்தை அழித்திருக்கிறார்கள். ஆனால் குடித்து அழித்தார்கள், கோர்ட்டுக்குப் போய் அழித்தார்கள். ஆமாம் என்று ஒரு பொத்தானை அமுக்கி அழித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அதே பண்ணையை நானே ஞாபகத்தில் இருந்து திரும்பக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஷூவைப் போட்டுக்கொண்டு, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உழுதேன். என் டிராக்டர் நேராகப் போனதே இல்லை. வயல் முழுக்க முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி இருந்தது. விதைத்தேன். இரண்டு மாடு வாங்கினேன். ஒரு மாடு ஆற்றில் இறங்கி நின்றுகொண்டு வர மாட்டேன் என்றது. ஆபீசில் கணக்குப் பார்க்கும்போதுகூடச் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படியே கட்டினாலும் தொழுவம் ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே எனக்கு நிச்சயமில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்த இடத்தில் உழுது முதுகு பிடித்த விவசாயி.

இதற்கிடையில் ஆபீசில் ஒரு பழைய சரக்குக் காகிதத்தின் நகல் கேட்டார்கள். வெளி வட்டைச் செருகி, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து தேடினேன். என் காகிதங்களுக்கு நடுவே, நான் ஒரு நாளும் கவனித்திராத ஒரு ஃபோல்டர், விளையாட்டின் பெயரில். உள்ளே அவன் பண்ணை. விளையாட்டு ஓரிடத்தில் குடியிருந்து, விளைச்சலை வேறிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. சரக்கு முதல் நாளில் இருந்தே பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டில்தான் கிடந்தது. நான்தான் அதைத் தேடாமல், காலிப் பெட்டிக்குள் புதுச் சரக்கை உற்பத்தி செய்துகொண்டிருந்தேன்.

அதை எங்கே கொண்டு வைப்பது என்று தேடியபோதுதான் அந்த ஒயின் செய்கிற வேலையே எனக்குப் புரிந்தது. அது லினக்ஸுக்குள் பொய்யாக ஒரு விண்டோஸ் வீட்டைக் கட்டி வைத்திருக்கிறது: பொய்யாக ஒரு சி டிரைவ், பொய்யாக ஒரு டாக்குமென்ட்ஸ். விளையாட்டு கேட்கிற போதெல்லாம், எல்லாம் பழையபடியே இருக்கிறது, நீ கவலைப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டாரைப் பார்த்துத்தான் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

அந்தப் பொய் வீட்டுக்குள் ஃபோல்டரைப் போட்டுத் திறந்தேன். ஆறு, தொழுவம், சோளம், கோதுமை, எல்லாம் அவன் விட்டுப் போன இடத்தில் அப்படியே நின்றன. மாடுகளை எண்ணிக்கூடப் பார்த்தாள் என் மனைவி.

வாகைக்குளம் விமான நிலையத்துக்கு இரண்டு பேரும் போனோம். அவன் தள்ளுவண்டியை இடது கையால் தள்ளிக்கொண்டு வந்தான். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது.

என் மனைவி முதலில் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஏலே, ஏம்ல சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? அழுவ" என்றான். "காத்து மோசமா இருந்துது, இரும்புக் கதவு கைமேல சாத்திட்டு. ரெண்டு வெரலு நசுங்கிட்டு. அவ்வளவுதான்."

சட்டம் அந்தப் பக்கத்தில் இருந்தும் செல்லும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ வேண்டாம் என்றது, எழுதாமல் பேசி அனுப்பியது, முன்னாலேயே இறங்கியது எல்லாம் காரில் வரிசையாக எனக்கு ஞாபகம் வந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போலக் கணினி முன் உட்கார்ந்தான். பண்ணை திறந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். இடது கையால் மவுஸைப் பிடித்து டிராக்டரை எடுத்தான். அது நேராகத் தொழுவத்துச் சுவரில் போய் முட்டி நின்றது. இன்னொரு முறை எடுத்தான், ஆற்றில் இறக்கினான். மவுஸை வைத்துவிட்டான்.

நான் சொல்லிவிட்டேன். அழித்தது, மாடு இருட்டில் கத்தியது, முறுக்கு வயல், எல்லாவற்றையும்.

"ஏதோ ஆயிட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும் அத்தான்" என்றான். "மழை நல்லாப் பெய்யுதுன்னு சொன்னியள்லா. இந்த கேம்ல நான் மழைய நிறுத்தி வச்சிருக்கேன். கப்பல்ல பாக்குத மழை போதாதா?"

"பொறவு ஏம்ப்பா கேக்கல?"

"நீங்க சொல்லாததுக்குக் காரணம் இருக்கும்லா." நாற்காலியை விட்டு எழுந்தான். "உக்காருங்க. கோதும அறுக்க வேண்டிய நாளு தாண்டிப் போச்சு. நான் சொல்லுதேன், நீங்க ஓட்டுங்க. நேரா ஓட்டணும்."

நடந்தது இவ்வளவுதான். அந்த விளையாட்டு லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. அவன் விரல்கள் இரண்டும் முழுசாக மடங்கவில்லை. அடுத்த கப்பலுக்கு அவன் தகுதி என்று டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அறுவடையை நான்தான் செய்கிறேன்.