காலஞ்சென்ற அப்பா எழுந்து நின்றார்

எண்பத்தொன்றாம் வருடம், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை. நல்ல குடும்பம், பிக்கல் பிடுங்கல் கிடையாது. அதெல்லாம் எங்கள் பக்கம்தான். அதற்குப் பெயர் அப்பா.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தோல் பதனிடும் டேனரி வேலைக்காக மெட்ராஸ் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் ஆகிவிட்டது என்று தெரிந்தவர்கள் வந்து சொன்னார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வேலூரில் தன் அண்ணன் வீட்டுக்கு வந்து, தையல் தைத்து என்னைப் படிக்க வைத்தார். புது ஊரில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் 'தவறிட்டார்' என்று சொல்லிவிடுவது மாமாவுக்கு வசதியாக இருந்தது. அம்மாவும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் மாமா அதையே சொன்னார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மனிதர் இருந்து மட்டும் என்ன கிழித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று பாஸ்டர் அறிவிப்பார். மாமா ஒன்றை மறந்துவிட்டார். பெண்ணின் சர்ச்சில் வாசிக்கும் ஓலையை மாப்பிள்ளையின் சர்ச்சிலும் வாசிப்பார்கள்.

முதல் ஞாயிறு ஒழுங்காகப் போனது. இரண்டாவது ஞாயிறு, 'காலஞ்சென்ற' என்று அப்பா பெயரில் ஆரம்பித்து ஓலையை வாசித்து முடித்தார் பாஸ்டர். ஆட்சேபணை உண்டா என்று அவர் கேட்டதும், ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். எத்தனையோ வருடம் கழித்தும் அந்த விடைத்த காதுகளை எனக்கு அடையாளம் தெரிந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற காதுகள்தானே.

"கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல ஐயா. காலஞ்சென்றன்னு படிச்சீங்களே, அதுக்குத்தான். நான் இதோ நிக்கிறேன்."

பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் சம்பந்தப்பட்டவர்கள் தன் அறைக்கு வரவேண்டும் என்றார். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை அப்பா மேல் வீசியிருப்பேன், பெஞ்ச் கொஞ்சம் கிட்டே இருந்திருந்தால்.

பாஸ்டர் அறையில் மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பாவோ சொந்த வீடு மாதிரி உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த இன்னொரு குடும்பமும் அவரை விரட்டிவிட்டதாம். போன வருடம்தான் ஆம்பூருக்கு வந்து ஒரு டேனரியில் சேர்ந்திருக்கிறார். போன ஞாயிறு அங்கே சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் தான் செத்துப்போன சேதியே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

"இத்தினி வருஷம் செத்த மாதிரிதானே இருந்தீங்க? இப்ப என் கல்யாணத்தக் கெடுக்கத்தான் எழுந்து வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ சொல்றது நியாயந்தான் கண்ணு. ஆனா நான் சாவலியே" என்றார்.

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது என்று அன்று மத்தியானமே ஆம்பூர் பஸ் ஏறினேன். கூப்பிடாமலேயே அவரும் ஏறினார். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் பொண்ணுக்குக் கல்யாணம் என்று கண்டக்டரில் ஆரம்பித்து பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நின்றுபோனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அழுதேன். மாமனார் ஆகவேண்டியவர் என்னைப் பேசவே விடவில்லை.

"அவரு போன ஞாயித்துக்கெழமையே வந்துட்டாரும்மா. 'நான்தான் அந்தக் காலஞ்சென்றவன். தப்பு பண்ணதெல்லாம் நானு, பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க'ன்னாரு. உள்ள கூப்ட்டோம், வாசப்படி தாண்டல. 'ஒரு வாரம் பொறுத்துப் பாருங்க, என் பொண்ணே வந்து சொல்லிடுவா, மறைக்கமாட்டா'ன்னாரு. நீயும் வந்துட்ட. எங்களுக்கு அது போதும்மா."

கல்யாணம் நிற்கவில்லை என்ற நிம்மதி வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? எனக்கு எப்போது அம்மை போட்டது, நர்ஸ் படிப்பில் எப்படிச் சேர்ந்தேன், எதுவும் தெரியாது. அப்படிப்பட்டவர் என்னைச் சரியாகக் கணித்துச் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்து, பஸ்ஸிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

"நீதான் மூஞ்ச திருப்பிகினு வந்தியே. நான் எங்க சொல்றது?"

மூன்றாவது ஓலையில் பாஸ்டர் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார். கல்யாணத்தன்று மாமாதான் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா புதுச் சட்டையில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டில் உப்பு கம்மி என்று என் மாமியாரிடமே போய்ச் சொல்லி என் மானத்தை வாங்கினார். அதற்குப் பிறகும் கூப்பிடாமலேயே எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நானும் திட்டிக்கொண்டே சோறு போட்டேன்.

அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும்தான். ஆனால், பிடிக்காத ஒருவரைச் செத்துவிட்டதாகச் சொல்லி ஒதுக்குவது சுலபம், உயிரோடு இருப்பவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு வாழ்வதுதான் உறவு என்பதை, எனக்கு எதையுமே கற்றுக்கொடுக்காத அந்த மனிதரிடமிருந்துதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.